கவுன்ட் இன்னும் ஏறவில்லையே, டாக்டர்?

வாசகர் கேள்வி (சுருக்கியது): ஏற்காட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமம் எங்களுடையது. காபித் தோட்டத்தில் வேலை. என் தம்பிக்கு 23 வயது. மஜ்ஜை வறண்டுவிட்டது, ஏபிளாஸ்டிக் அனீமியா என்றார்கள். 38 பை ரத்தம் ஏற்றிய பிறகு, வேலூரில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்து இன்றோடு 19 நாள். மஜ்ஜை கொடுத்தது நான்தான். இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். எனக்கு பி பாசிட்டிவ், அவனுக்கு ஓ பாசிட்டிவ். தினமும் நோட்டில் எழுதி வருகிறேன். வெள்ளை அணு 15-ஆம் நாள் 200, 17-ஆம் நாள் 300, இன்று 600. தட்டணு 9,000 இருந்தது, ஏற்றியதும் 31,000 ஆனது, இரண்டே நாளில் 14,000. ஃபெரிட்டின் 4,100 என்று பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பக்கத்து அறைப் பையனுக்கு 12-ஆம் நாளே கவுன்ட் ஏறிவிட்டது. என் மஜ்ஜை தம்பிக்குச் சேரவில்லையா? சேலத்தில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், தேறுவானா மாட்டானா என்று முன்கூட்டியே சொல்லும் மார்க்கர் டெஸ்ட் வந்திருக்கிறது, வெளியூருக்கு அனுப்ப 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். கம்மலை அடகு வைத்துக் கட்டலாமா? தம்பியை எப்போது வீட்டுக்கு அழைத்துப் போகலாம்? ரிப்போர்ட்டுகளைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கம்மலை அடகு வைக்க வேண்டாம் என்று உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு வரி அனுப்பிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே நோட்டை வைத்துக்கொண்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் இன்னும் பல குடும்பங்களுக்கும் இது உதவட்டும்.

முதலில் நீங்கள் அனுப்பிய படங்கள். 19-ஆம் நாள் ரிப்போர்ட்டை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். மேலே மொத்த வெள்ளை அணு 600. அதைத்தான் நோட்டில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே வெள்ளை அணுவை வகைவாரியாகப் பிரித்துக் காட்டும் நாலு வரி இருக்கிறது: நியூட்ரோஃபில் 35 சதவீதம், லிம்ஃபோசைட் 33, மோனோசைட் 30, ஈசினோஃபில் 2. இந்த நாலு வரியை நோட்டில் நீங்கள் சேர்க்கவில்லை. 17-ஆம் நாள் ரிப்போர்ட்டில் மோனோசைட் 8 சதவீதம்தான். 15-ஆம் நாள், எண்ணுவதற்கே அணுக்கள் போதவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் மோனோசைட் தலைகாட்டி, இரண்டே நாளில் 30 சதவீதம் ஆகியிருக்கிறது. புதிய மஜ்ஜை வேலையைத் தொடங்கும்போது பல நேரங்களில் முதலில் கண்ணில் படுவது மோனோசைட்தான். நியூட்ரோஃபில் அதன் பின்னால் வரும். இந்த வரியைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். தம்பியைத் தினமும் தொட்டுப் பார்க்கும் டாக்டர்கள்தான் முடிவாகச் சொல்ல வேண்டும், நான் தூரத்தில் இருப்பவன். ஆனாலும் இது பயப்பட வேண்டிய ரிப்போர்ட் இல்லை என்று என்னால் சொல்ல முடியும்.

வார்டில் எல்லோரும் ‘ஏஎன்சி எவ்வளவு’ என்று கேட்டுக்கொள்வார்களே, அந்தக் கணக்கை நீங்களே போடலாம். மொத்த வெள்ளை அணுவில் நியூட்ரோஃபில் எத்தனை சதவீதமோ, அந்தப் பங்குதான் ஏஎன்சி. 600-இல் 35 சதவீதம் என்றால் 210. 17-ஆம் நாள் 300-இல் 20 சதவீதம், அதாவது 60. இந்த எண் 500-ஐத் தொட்டு, தொடர்ந்து மூன்று நாள் கீழே இறங்காமல் நின்றால், அந்த மூன்றில் முதல் நாளைத்தான் மஜ்ஜை ஒட்டிய நாள் என்று கேஸ் ஷீட்டில் குறிப்பார்கள். ஒன்று மட்டும் கேட்டு வையுங்கள். வெள்ளை அணு ஏறுவதற்கு ஜிசிஎஸ்எஃப் ஊசி போடுகிறார்களா? போடுகிறார்கள் என்றால், ஊசியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் எண் கொஞ்சம் சரியும். அது தெரியாமல் இடிந்துபோன பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து அறைப் பையனோடு ஒப்பிடாதீர்கள். அந்தப் பையனுக்காக, கொடையாளிக்கு ஊசி போட்டு, அவருடைய கை நரம்பிலிருந்து மெஷின் வழியாக மூல அணுக்களைப் பிரித்து எடுத்திருக்கலாம். அப்படி எடுத்தது சீக்கிரம் ஒட்டும், இரண்டு வாரத்துக்குள்ளேயே ஏறிவிடுவது உண்டு. இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜை நிதானமானது, மூன்று வாரம் பிடிப்பது சாதாரணம். ஏபிளாஸ்டிக் அனீமியாவில் பல டாக்டர்கள் வேண்டுமென்றேதான் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கொடையாளியின் அணுக்கள் நோயாளியின் உடம்பைத் தாக்கும் ஜிவிஹெச்டி என்ற தொல்லை இதில் குறைவு. அந்தத் தொல்லை வராமல் இருக்க முதல் வாரத்தில் மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்திருந்தால், அதுவும் கவுன்ட்டைச் சில நாள் தள்ளிப்போடும். தம்பிக்கு வாய் முழுக்கப் புண் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் இந்த மருந்துக்கும் பங்கு இருக்கலாம். பொதுவாக 28-ஆம் நாள் வரை 500-ஐத் தொடவில்லை என்றால்தான் மஜ்ஜை ஒட்டவில்லையோ என்ற பேச்சே எழும். இன்று 19.

அப்புறம் தட்டணு. ஏற்றியது 31,000-க்குப் போய் 14,000-க்கு இறங்கியதைப் பார்த்து மனது உடைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அடுத்தவர் கொடுத்த தட்டணு. உடம்புக்குள் போன பிறகு சில நாள்தான் தங்கும், காய்ச்சல் இருந்தால் அதற்கும் முன்பே கரையும். தம்பியின் சொந்தக் கணக்கு அதில் தெரியாது. ஏழு நாள் தட்டணு ஏற்றாமலே 20,000-க்கு மேல் நின்றால்தான் அது அவருடையது என்று ஒப்புக்கொள்வார்கள். சரி, அதுவரை தெரிந்துகொள்ள வழியே இல்லையா என்றால், இருக்கிறது. இதில் மார்க்கர் என்ற சொல்லுக்கு உண்மையாகவே அர்த்தம் உண்டு.

மஜ்ஜையிலிருந்து அன்றைக்கு வெளியே வந்த இளம் தட்டணு பெரியதாக இருக்கும், உள்ளே ஆர்என்ஏ மிச்சம் இருக்கும். சில நவீன மெஷின்கள் அதைத் தனியாகப் பிரித்துச் சதவீதமாக அச்சடித்துக் கொடுக்கும். ஐபிஎஃப் என்பார்கள். ரத்த வங்கியில் இருந்து வந்த தட்டணு பழையது, அதில் இந்த இளசு குறைவு. அதனால் மொத்த எண் 14,000-இலேயே கிடந்தாலும் ஐபிஎஃப் மட்டும் நாளுக்கு நாள் ஏறினால், உள்ளே உற்பத்தி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மொத்த எண் ஏறுவதற்குச் சில நாள் முன்பே இது காட்டிக் கொடுக்கும். நீங்கள் காபித் தோட்டத்துக்காரர், உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாசி, பங்குனியில் ஒரு மழை விழுந்தால், தோட்டம் வெள்ளையாகப் பூப்பதற்கு எட்டு, பத்து நாள் இருக்கும்போதே, கிளையைத் திருப்பி மொட்டைப் பார்த்து ‘இந்தத் தடவை பூக்கும்’ என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்களே, அந்த மொட்டுதான் ஐபிஎஃப். இதற்காகத் தனியாக ஊசி குத்த வேண்டியதில்லை. தினமும் எடுக்கிற அதே ரத்தத்தில், மெஷினில் அந்த வசதி இருந்தால், கிடைக்கும். வார்டு டாக்டரிடம் கேளுங்கள்.

சிவப்பணுவுக்கும் இப்படி ஓர் இளம் அணுக் கணக்கு உண்டு, ரெட்டிகுலோசைட் என்பார்கள். உங்கள் தம்பி விஷயத்தில் அதை இப்போதைக்கு நம்பி உட்கார வேண்டாம். நீங்கள் பி, அவர் ஓ. அவர் ரத்தத்தில் பி பிரிவுக்கு எதிரான எதிர்ப்பொருள் குழந்தைப் பருவத்திலிருந்தே இருக்கிறது, சிகிச்சைக்குப் பிறகும் கொஞ்ச காலம் தங்கியிருக்கும். உங்கள் மஜ்ஜை தயாரிக்கிற சிவப்பணுவை அது அடிக்கும். அதனால் வெள்ளை அணுவும் தட்டணுவும் தேறிய பிறகும் ஹீமோகுளோபின் மட்டும் சில வாரம், சிலருக்குச் சில மாதம், பின்தங்கி நிற்கலாம். அதைப் பார்த்து ‘என் ரத்தம்தான் சரியில்லை’ என்று மறுபடியும் அழ ஆரம்பித்துவிடாதீர்கள். மெல்ல மெல்ல அந்த எதிர்ப்பொருள் தீர்ந்து, ஒரு நாள் அவருடைய ரத்தப் பிரிவே பி ஆகிவிடும்.

இனி ஃபெரிட்டின், உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் எண். ஒரு பை சிவப்பணுவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 38 பை என்றால் ஏறக்குறைய ஏழரை கிராம். நல்ல ஆரோக்கியமான ஆணின் உடம்பு முழுக்க இருக்கிற இரும்பே மூன்று, நான்கு கிராம்தான். உடம்பு ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராமுக்கு மேல் இரும்பை வெளியேற்றாது. அப்புறம் ஃபெரிட்டின் ஏறாமல் என்ன செய்யும்? காய்ச்சல், தொற்று இருந்தாலும் அது தனியாக ஏறும். மாற்று சிகிச்சைக்கு முன் ஃபெரிட்டின் அதிகம் இருந்தவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால், குறைவாக இருந்தவர்களைவிடச் சிரமங்கள் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அது கூட்டத்தின் கணக்கு. அதை வைத்து ஒரு தனி ஆளின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. மஜ்ஜை நன்றாக ஒட்டி, ஹீமோகுளோபின் தேறிய பிறகு, மாதாமாதம் கொஞ்சம் ரத்தம் எடுத்தோ, இரும்பை இறக்கும் மாத்திரை கொடுத்தோ இதைக் குறைக்கலாம். அடுத்த வருடத்து வேலை அது, இந்த வாரம் அதற்காக விழித்திருக்க வேண்டாம்.

உங்கள் படங்களில் ஃபெரிட்டினைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது: சிஆர்பி. மூன்று காலையில் 96, 51, 24. உடம்பில் எங்கோ தொற்று எரியும்போது கல்லீரல் இதைத் தயாரிக்கும். எரிவது அணைந்தால் ஏறக்குறைய ஒரு நாளைக்குள் பாதியாக இறங்கும். தம்பிக்கு அப்படியேதான் இறங்கியிருக்கிறது. கொடுக்கிற மருந்து கேட்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கவுன்ட் ஏறுகிற நாள்களில் சிலருக்குத் தொற்று இல்லாமலே காய்ச்சலும் சிஆர்பியும் கொஞ்சம் எகிறும், அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 18,000 ரூபாய். அந்த டெஸ்டில் எதைப் பார்க்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இந்தத் துறையில் புதிதாகப் பேசப்படுபவை எஸ்டி2, ரெக்3ஆல்ஃபா என்ற இரண்டு புரதங்கள். ரெக்3ஆல்ஃபா குடலின் உள்சுவரில் இருந்து வருவது. ஜிவிஹெச்டி குடலைத் தாக்க ஆரம்பித்தால், பேதி வருவதற்கு முன்பே இவை ரத்தத்தில் கூடும். மேஜிக் என்ற பெயரில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் குழு ஒன்று, இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குச் சூத்திரம் செய்திருக்கிறது. மாற்று சிகிச்சை முடிந்த ஏழாம் நாள் ரத்தத்திலேயே ஆபத்து அதிகமானவர்களை ஓரளவு பிரித்துக் காட்ட முடியும் என்று 2017-இல் வெளியிட்டார்கள். நல்ல ஆராய்ச்சி, எனக்கு அதில் நிறைய மரியாதை உண்டு. ஆனால் உங்கள் கேள்வி மஜ்ஜை ஒட்டியதா என்பது. அந்தக் கேள்விக்கு இந்த டெஸ்டில் பதில் இல்லை. ஆபத்து அதிகம் என்று வந்தவர்களிலும் பலருக்கு ஒன்றும் ஆகாமல் போகும், குறைவு என்று வந்தவர்களிலும் சிலருக்கு வரும். ‘தேறுவானா மாட்டானா’ என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை உலகத்தில் எங்கும் கிடையாது. அப்படிச் சொல்லி விற்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ரிசல்ட் மோசமாக வந்தால் நாளைக்கு எந்த மருந்தை மாற்றுவார்கள்? நன்றாக வந்தால் எதை நிறுத்துவார்கள்?” இரண்டுக்கும் பதில் ‘ஒன்றும் மாறாது’ என்றால் அந்தப் பணம் பயத்துக்குக் கொடுக்கிற வட்டி. சிகிச்சை பார்க்கும் டாக்டரே தேவை என்று எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம்.

இதே 2017-இல் ஈசிக்ஸ் என்று இன்னொரு கணக்கு வந்தது. எல்டிஹெச், கிரியாட்டினின் என்ற இரண்டு சாதாரண ரத்தப் பரிசோதனை எண்களையும் பெருக்கித் தட்டணுவால் வகுப்பது, அவ்வளவுதான். ரத்தக் குழாயின் உள்சுவர் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்பதன் அடையாளம். மூன்றுமே தம்பியின் தினசரி ரிப்போர்ட்டில் இருக்கின்றன. ஆனால் நோட்டில் நீங்களே பெருக்கிப் பார்க்காதீர்கள். ஏற்றிய தட்டணு கணக்கில் கலந்துவிட்டால் விடை தப்பாகும். விலை உயர்ந்த மார்க்கர் மட்டும்தான் பேசும் என்று நினைத்துவிடக் கூடாதே என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

உங்கள் உண்மையான கேள்விக்குப் பதில் சொல்லும் பரிசோதனை ஒன்று இருக்கிறது, அது உங்கள் மருத்துவமனையிலேயே வரிசையில் இருக்கும். கைமெரிசம் என்று பெயர். தம்பியின் ரத்தத்தில் எத்தனை சதவீதம் உங்களுடையது, எத்தனை அவருடையது என்று மரபணு அடையாளத்தை வைத்துப் பிரிப்பார்கள். இதற்காகச் சிகிச்சைக்கு முன்பே உங்கள் இருவரின் மாதிரியையும் எடுத்து வைத்திருப்பார்கள். நீங்கள் பெண், அவர் ஆண் என்பதால் இன்னொரு வழியும் உண்டு: அவருடைய ரத்த அணுவில் பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோம் தெரிந்தால் அது அக்காவின் அணு. பெரும்பாலும் 30-ஆம் நாளையொட்டி முதலில் பார்ப்பார்கள், பிறகு 100-ஆம் நாளையொட்டி. ஏபிளாஸ்டிக் அனீமியாவில் 100 சதவீதம் வராமல் 85, 90 என்று நின்று, அப்படியே நன்றாக இருப்பவர்கள் உண்டு. ஒரு தடவை வந்த எண்ணைவிட, உங்கள் பங்கு இறங்கிக்கொண்டே போய், கூடவே கவுன்ட்டும் இறங்குகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று இந்த டெஸ்டை வைத்து முடிவு எடுப்பார்கள். காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய மார்க்கர் இப்படி இருக்க வேண்டும்.

நோட்டைத் தொடருங்கள். ஆனால் பத்தி பிரித்து எழுதுங்கள்: நாள், மொத்த வெள்ளை அணு, ஏஎன்சி, மோனோசைட், தட்டணு, அன்று தட்டணு ஏற்றினார்களா, காய்ச்சல். ஏற்றிய நாளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். 300-க்கும் 400-க்கும் நடுவே வித்தியாசம் தேடாதீர்கள். இவ்வளவு குறைந்த எண்ணில் ஒரே ரத்தத்தை இரண்டு தடவை ஓட்டினாலே அவ்வளவு மாறும். மூன்று நாளை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள், எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு சேலத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வரும்போது ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. ஜிவிஹெச்டி வராமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மாத்திரையின் அளவை ரத்தத்தில் பார்க்கும் நாளில், காலை மாத்திரையைப் போடாமல் வந்து, ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு, நான் இளம் டாக்டராக இருந்தபோது, மலையிலிருந்து ஒரு பெண் முதல் பஸ் பிடித்து வந்தார். வீட்டிலேயே மாத்திரையை விழுங்கிவிட்டார். ஒன்பது மணிக்கு ரத்தம் எடுத்தோம். அளவு மிக அதிகமாக வந்தது. எப்போது சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை, மாத்திரையைக் குறைத்து எழுதிவிட்டேன். இரண்டு வாரத்தில் இரண்டு உள்ளங்கையும் சிவந்து எரிய, ஜிவிஹெச்டியோடு வந்து நின்றார். தேறிவிட்டார், ஆனால் அந்தச் சிவந்த கைகளை நான் மறக்கவில்லை. உங்கள் தம்பிக்கு இது நடக்கக் கூடாது. ரத்தம் எடுப்பவர் கேட்காவிட்டாலும், கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வழியில் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், மாற்று சிகிச்சை நடந்தவர், கதிர்வீச்சு செய்த ரத்தம்தான் வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சொந்தக்காரர் ரத்தம்தானே, நல்லதுதானே என்று நினைப்பார்கள். கதிர்வீச்சு செய்யாமல் ஏற்றினால் சொந்தக்காரர் ரத்தத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். அவர்களுடைய வெள்ளை அணுவைத் தம்பியின் உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம், பிறகு அவையே அவர் உடம்பைத் தாக்கும்.

வீட்டுக்கு எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள். நூறு நாள் வரை மலை ஏற வேண்டாம் என்பதே என் எண்ணம். வேலூரில் விடும்வரை அங்கே, பிறகு டாக்டர் அனுமதித்தால் சேலத்தில் ஒரு வாடகை அறை. ஏற்காட்டுக் காற்று சுத்தம்தான், ஆனால் காபிச் செடிக்கு அடியில் மக்கும் இலை, பழத்தோல் குவியல், மழைக்காலத்தில் பூத்துப்போகும் சுவர், இதெல்லாம் பூஞ்சைக்குச் சொர்க்கம். அது நுரையீரலுக்குள் போனால் ஆரோக்கியமானவருக்கு ஒன்றும் ஆகாது, தம்பிக்கு ஆகும். இன்னொரு காரணம் அந்த 20 கொண்டை ஊசி வளைவு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பனி இறங்கிய நள்ளிரவில் அந்த வளைவுகளில் வண்டி தேடி இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

தட்டணு ஏறும் என்று யாராவது பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள், பச்சைச் சாறு எதுவும் இப்போது கூடாது. தோட்டத்து மிளகைச் சமைக்கும்போதே போட்டுக் கொதிக்க விடுங்கள், மேலே தூவ வேண்டாம். பம்பளிமாஸ் பழம் வேண்டவே வேண்டாம். அது சைக்ளோஸ்போரின் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.

கடைசியாக நீங்கள். ‘என் மஜ்ஜை சேரவில்லையா’ என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கூடப் பிறந்த ஒருவரோடு ஹெச்எல்ஏ என்ற திசு அடையாளம் முழுக்கப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான், அது உங்களுக்குப் பொருந்தியது. உங்களிடமிருந்து எடுத்த அன்றே அணுக்களை எண்ணி, போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஏற்றியிருப்பார்கள். தம்பியின் எடைக்கு ஒரு கிலோவுக்கு எத்தனை லட்சம் சிடி34 அணு, அதாவது மூல அணு, கிடைத்தது என்று கேளுங்கள், சொல்வார்கள். 20 லட்சத்துக்கு மேல் என்றால் உங்கள் பங்கு குறைவில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. தம்பியின் எண் எல்லாம் எழுதிய கடிதத்தில் உங்கள் எண் ஒன்றுகூட இல்லை. மஜ்ஜை எடுக்கும்போது ரத்தமும் கூடவே சேர்ந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் வரை போயிருக்கும். உட்கார்ந்து எழுந்தால் மூச்சு வாங்குகிறதா? இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்களா, நிறுத்தாமல் சாப்பிடுகிறீர்களா? இடுப்பில் ஊசி போன இடம் சிவந்து சூடாக இருக்கிறதா? நாளைக்கே உங்களுக்கும் ஒரு ஹீமோகுளோபின் பார்த்து, அந்த நோட்டில் உங்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி, அதையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.